மதுரைத் தெருவில் சோலார்: அக்கம்பக்கத்துக்கு உதவ நினைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. அந்த வெயிலில்தான் வடகமும் மிளகாயும் காய்கின்றன. துணி அரை மணி நேரத்தில் மொடமொடத்துவிடும். இங்கிருந்து தெற்கே, ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில், இதே வெயிலை நம்பி 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் ஓடுகிறது. ஆனால் விளாங்குடியிலோ வில்லாபுரத்திலோ ஒரு மாடியில் ஏறிச் சுற்றிப் பார்த்தால் பெரும்பாலான மாடிகள் சும்மாதான் கிடக்கின்றன.

வெயில் இருக்கிறது, மானியமும் இருக்கிறது. கரண்ட் பில்லை வாங்கிப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு இரண்டு கிலோவாட் போதும்" என்றோ "உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்" என்றோ சொல்வதற்கு, விற்பனையில் பங்கில்லாத ஓர் ஆள்தான் தெருவில் கிடைப்பதில்லை. அந்த ஆளாக நீங்கள் எப்படி இருப்பது என்று என் தெருவில் செய்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: கணக்கை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்

யாரிடமும் போவதற்கு முன்னால் நான்கு எண்கள் உங்களுக்கு மனப்பாடமாக வேண்டும்.

ஒரு கிலோவாட் சோலார் நம் ஊர் வெயிலில் வருடச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாத பில் கணக்கில் அது ஏறக்குறைய 240 யூனிட். நிழல் விழாத மாடி இடம் கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும்.

மூன்றாவது எண், மானியம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் 'பிஎம் சூர்ய கர்' திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் 78,000. எவ்வளவு பெரிதாக வைத்தாலும் 78,000 தான் உச்சம். திட்டக் காலம் 2026-27 நிதியாண்டு வரை.

நான்காவது எண், 500. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டும் மலிவு விலையில் கிடைக்கும். 501ஆவது யூனிட் ஓடியதும் அந்த மலிவு விலை போய்விடும். அதற்கு மேல் போகப் போக விலை ஏறிக்கொண்டே இருக்கும். ஏசி போட்ட வீடுகளில் சித்திரை, வைகாசி பில் திடீரென்று எகிறுவது இதனால்தான். மின்வாரியத்தின் இன்றைய கட்டண அட்டையை ஒரு பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விலை மாறும்போது புதிய அட்டையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பில்லில் தொடங்குங்கள், தகட்டில் தொடங்காதீர்கள்

நான் முதன்முதலில் செய்த தவறு இது. வீட்டுக்கு வீடு போய்ப் புவி வெப்பமாதல், நிலக்கரிப் புகை என்று பேசினேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டி, காபி கொடுத்து அனுப்பினார்கள். ஒருவரும் அசையவில்லை. அப்புறம் ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா பில் கட்டத் தெரியாமல் போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தால் 650 யூனிட். அந்த எண்ணை வைத்துப் பேசிய பத்து நிமிடம், அதற்கு முந்தைய பத்து வாரத்தைவிட அதிக வேலை செய்தது.

அந்தக் கணக்கையே இங்கே போட்டுக் காட்டுகிறேன். 650 யூனிட் ஓடும் வீட்டில் 2 கிலோவாட் வைத்தால் சோலார் ஏறக்குறைய 480 யூனிட் தரும். நெட் மீட்டர் முறையில், பகலில் நாம் பயன்படுத்தாத மின்சாரம் வாரியத்துக்குப் போகும். இரவில் அங்கிருந்து நாம் எடுப்போம். கடைசியில் கழித்துப் பார்த்து மிச்சத்துக்குத்தான் பில். மிச்சம் 170 யூனிட். கூடுதல் விலையில் இருந்த வீடு மலிவு விலைக்கு இறங்கிவிடுகிறது. அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் தேவையே இல்லை. விற்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார். நீங்கள் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் கோடை பில்லை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு வருடத்தின் ஆறு பில்லையும் கேட்டு வாங்குங்கள். மின்வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டால் பழைய பில்கள் வரும்.

180 யூனிட், 200 யூனிட்டுக்குள் வாழும் வீடுகளும் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஓய்வூதியத்தில் தனியாக இருக்கும் அம்மாச்சிகள் நிறைய. அவர்கள் பில் சில நூறு ரூபாய்தான். அங்கே சோலார் போட்டால் போட்ட பணம் எந்தக் காலத்தில் திரும்பும் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. "ஆத்தா, உங்களுக்கு இது வேண்டாம், இருக்கிற காசை பேங்கில் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஆத்தாதான் அடுத்த வாரம் தன் மகன் வீட்டுக்கு என்னை அனுப்பினார்.

மூன்றாம் படி: நான்கு பேர்

தனியாகச் செய்யாதீர்கள், சீக்கிரம் சோர்ந்துவிடுவீர்கள். பில் கணக்குப் போட ஒருவர், இணையத்தில் விண்ணப்பம் போடத் தெரிந்தவர் ஒருவர், மின்வாரியத்திலோ வங்கியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஒருவர், மாடி ஏறத் தயங்காத கல்லூரிப் பிள்ளை ஒருவர். இந்த நான்கு பேரில் குறைந்தது ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பகலில் வீட்டில் இருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசவும், மகளிர் குழுக் கூட்டத்தில் பேசவும் அவரால்தான் முடியும்.

கல்லூரிப் பிள்ளைக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. கையில் சாக்பீஸ் கொடுத்து மாடிக்கு அனுப்புங்கள். காலை 9 மணி, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு நிழல் விழும் இடத்தைக் கோடு போட்டு வரட்டும். தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி, தென்னை மரம் எதையும் விடக்கூடாது. தகடுகள் சங்கிலியாக இணைக்கப்படுவதால் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தி இறங்கும். இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள்: கோடையில் சூரியன் உச்சிக்கு மேலேயே நிற்கும், மார்கழியில் தெற்கே சாய்ந்து போகும். சித்திரையில் சுத்தமாக இருக்கும் மாடியில், தெற்குப் பக்கத்து மூன்று மாடிக் கட்டிடத்தின் நிழல் மார்கழியில் வந்து படுக்கும். நான் இதைத் தெரியாமல் ஒரு வீட்டுக்குச் சரி என்று சொல்லி, பிறகு வருத்தப்பட்டேன்.

நான்காம் படி: தெருக் கூட்டம்

மண்டபம் வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி, ஏற்கெனவே சோலார் போட்ட ஒரு வீட்டின் மாடி. அப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இல்லாவிட்டால் அடுத்த தெருவில் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். அந்த வீட்டுக்காரர் தன் பழைய பில்லையும் புதிய பில்லையும் காட்டினால் நீங்கள் பேச வேண்டியதே குறைவு.

நிறுவனத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எங்கள் முதல் கூட்டத்துக்கு நான் ஒருவரை அழைத்திருந்தேன், நல்ல எண்ணத்தில்தான். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்து, "ஏப்பா, ஒரு வீட்டுக்கு உனக்கு எவ்வளவு தருவாக?" என்று கேட்டார். எனக்கு எதுவும் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவரை நம்ப வைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதிலிருந்து எங்கள் குழுவில் ஒரே விதி: யாரிடமும் டீ காசு உட்பட எதுவும் வாங்குவதில்லை. அதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம்.

கூட்டத்தில் வரும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பதிலோடு போங்கள்.

"கரண்ட் கட் ஆனா இது ஓடுமா?" ஓடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் பகை வரும். பேட்டரி இல்லாத சோலார், லைனில் மின்சாரம் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது நம் மாடியிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பேட்டரியோடு வைக்கலாம், ஆனால் செலவு நன்றாகவே கூடும்.

"மழை பேஞ்சா?" மேகமூட்டத்தில் உற்பத்தி குறையும், நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் குறைவதையும் சேர்த்துத்தான் நாளுக்கு 4 யூனிட் என்று சராசரி சொல்கிறோம்.

"வெயில் கூடக் கூட கரண்ட்டும் கூடுமா?" இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தகட்டுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு அதற்கு ஆகாது. தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அதனால் மாசி, பங்குனியில் வானம் தெளிந்திருக்கும் நாட்கள் கத்திரி வெயிலைவிட நல்ல உற்பத்தி தரும்.

"வடகம் எங்க காயப்போடுறது?" இந்தக் கேள்வியைச் சிறிதாக நினைக்காதீர்கள். மொட்டை மாடி நம் வீடுகளில் பாதி வாழ்க்கை. ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்துக்குச் சட்டத்தைத் தூக்கி அடிக்கலாம். அடியில் நிழல் கிடைக்கும், மாடியறையின் சூடும் குறையும். கூடுதல் இரும்புக்குக் கூடுதல் காசு, காற்றுக்கும் நன்றாகத் தாங்க வேண்டும். சமையலறைக்குப் பொறுப்பானவர்களையும் கேட்டுவிட்டுத் தகடு வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்.

"தளம் ஒழுகுமா?" ஓட்டை போட்டுச் சரியாக அடைக்காவிட்டால் ஒழுகும். கான்கிரீட் கட்டைகள் மேல் சட்டத்தை நிறுத்தும் முறையைக் கேளுங்கள். ஏற்கெனவே ஒழுகும் தளமாக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

"இலவசம்னு சொன்னாகளே?" திட்டத்தின் பெயரில் இலவச மின்சாரம் என்று இருப்பதால் தகடே இலவசம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. தகட்டுக்கு நாம் காசு கட்ட வேண்டும், மானியம் பிறகு நம் வங்கிக் கணக்கில் வரும். பதிவுக் கட்டணம், முன்பணம் என்று போனில் யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. விண்ணப்பம் அரசின் தளத்தில் மட்டும். முகவரி முடிவில் அரசுத் தளத்துக்குரிய 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

ஐந்தாம் படி: நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

தேர்வு வீட்டுக்காரருடையது. நீங்கள் பெயர் சொல்லாதீர்கள், கேள்விகளைச் சொல்லுங்கள். அரசுத் தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து குறைந்தது மூன்று பேரிடம் விலைப்புள்ளி எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மானியக் கணக்குக்கு அரசு எடுத்துக்கொண்ட அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய். மதுரையில் கேட்கும் விலை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எதனால் கூடுகிறது என்று வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள்.

விலைப்புள்ளியில் பார்க்க வேண்டியவை: தகடு இந்தியாவில் செய்த செல் கொண்டதா (இல்லாவிட்டால் மானியம் கிடையாது), சட்டம் துத்தநாகம் முக்கியெடுத்த இரும்பா, மின்னல் தடுப்பானுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி எர்த் குழி உண்டா, இன்வெர்ட்டரை (தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) வெயில் படாத சுவரில் வைப்பார்களா, ஐந்து வருடப் பராமரிப்பு எழுத்தில் இருக்கிறதா. தகட்டுக்கு 25 வருட உற்பத்தி உத்தரவாதம் என்பது வழக்கம். ஆனால் ஐந்தாறு வருடம் கழித்துப் போன் எடுக்கப் போவது யார் என்பதுதான் முக்கியம். தெருவில் ஐந்து ஆறு வீடு ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் விலையும் இறங்கும், பராமரிப்புக்கும் வருவார்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க விடாதீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெரும் பகுதியை முதலிலேயே கட்டிவிட்டு, நான்கு மாதம் வெறும் இரும்புச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொருள் வந்ததும் ஒரு பங்கு, வேலை முடிந்ததும் ஒரு பங்கு, நெட் மீட்டர் மாட்டியதும் மிச்சம் என்று எழுதிக்கொள்வது நல்லது.

கையில் காசு இல்லாதவர்களுக்கு அரசு வங்கிகளில் இந்தத் திட்டத்துக்கென்றே பிணையில்லாக் கடன் இருக்கிறது. திட்டம் தொடங்கியபோது 3 கிலோவாட் வரை ஏறக்குறைய 7 சதவீத வட்டி என்று அறிவித்தார்கள். இன்றைய வட்டியை வங்கியில் கேட்டு, மாதத் தவணையையும் மாதத்துக்கு மிச்சமாகும் பில் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஆறாம் படி: காகிதம்

பாதி விண்ணப்பங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. காரணம் தகடும் இல்லை, பணமும் இல்லை, தாத்தா பெயர். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். ஆதார் ஒரு எழுத்தில், வங்கிப் புத்தகம் இன்னொரு எழுத்தில். மானியம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்குப் போவதால், முதலில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். வாரிசுச் சான்று, பத்திர நகல், வீட்டு வரி ரசீது ஆகியவற்றைச் சேர்க்கவே சில வாரம் ஆகும். பங்காளிகளுக்குள் பேச்சு இல்லாத வீடாக இருந்தால் நீங்கள் உள்ளே போகாதீர்கள். அவர்கள் தீர்த்துக்கொண்டு வரட்டும்.

பெயர் சரியாகிவிட்டால் மிச்சம் எளிது. அரசுத் தளத்தில் இணைப்பு எண்ணையும் போன் எண்ணையும் வைத்துப் பதிவு, நிறுவனத் தேர்வு, வேலை, நெட் மீட்டர் விண்ணப்பம், மின்வாரிய ஆய்வு, இயக்கச் சான்று, கடைசியில் வங்கி விவரம். 10 கிலோவாட் வரை, தகடு வைக்கலாமா என்று முன்கூட்டியே பார்க்கும் தொழில்நுட்ப ஆய்வுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்று 2024இல் மத்திய அரசின் நுகர்வோர் விதியைத் திருத்திவிட்டார்கள். ஓடிபி வரும் போன் வீட்டுக்காரர் கையிலேயே இருக்கட்டும். யாருடைய கடவுச்சொல்லையும் நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மீட்டர் மாட்டத் தாமதமானால் முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரை (ஏஇ) பார்த்துப் பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் மீட்டர் கையிருப்பு இல்லாததுதான் காரணமாக இருக்கும். அப்புறம் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் புகார் பதிந்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மின் பகிர்மான வட்ட அளவில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. வாய்ச்சண்டை வேண்டாம். தேதி போட்ட கடிதமும் அதன் நகலில் ஒரு முத்திரையும் போதும்.

ஏழாம் படி: முதல் பில் வரும்வரை கூடவே இருங்கள்

சோலார் ஓடத் தொடங்கிய அன்று லட்டு கொடுப்பார்கள். உங்கள் வேலை அன்றைக்கு முடிந்துவிடாது. மானியம் கணக்கில் ஏறிவிட்டதா, முதல் பில்லில் ஏற்றுமதி யூனிட் சரியாகக் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த வீட்டின் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: விண்ணப்பித்த தேதி, வேலை முடிந்த தேதி, மீட்டர், மானியம், முதல் பில். எங்கே எத்தனை நாள் தேங்குகிறது என்று இந்த நோட்டு காட்டும். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போக நேர்ந்தால், பத்து வீட்டுத் தேதிகளோடு போகிற மனுவுக்கு மதிப்பு வேறு.

கழுவுவதையும் சொல்லிக்கொடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, விடிகாலையில், தகடு சூடாவதற்கு முன்பு. நம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அப்படியே ஊற்றினால் வெள்ளைக் கறை படிந்துவிடும். குடிநீரில் நனைத்த துணியால் கடைசியாக ஒரு தடவை துடைத்தால் போதும். தகட்டின் மேல் ஏறி நிற்கக் கூடாது என்று வேலைக்கு வருபவர்களிடமும் சொல்ல வேண்டும்.

எட்டாம் படி: சொந்த மாடி இல்லாதவர்கள்

வாடகை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்றால் பொதுக் கட்டிடங்களைக் கேட்க வேண்டும். என் மனத்துக்கு இதுதான் இந்த வேலையின் பெரிய பாதி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் பொது மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்குக்கான இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. பொதுச் செலவு குறைந்தால் வாடகைக்கு இருப்பவரின் மாதப் பராமரிப்புத் தொகையையும் குறைக்கச் சொல்லி அதே கூட்டத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஊராட்சிகளில் தண்ணீர்த் தொட்டி மோட்டாரும் தெருவிளக்கும் பெரிய மின்செலவு. கிராம சபை வருடத்துக்கு ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு வாரம் முன்பே தலைவரிடமோ தனி அலுவலரிடமோ தீர்மான வரைவைக் கொடுங்கள். இப்படி எழுதலாம்: "நமது ஊராட்சியின் குடிநீர் மோட்டார், தெருவிளக்கு இணைப்புகளுக்குக் கடந்த ஓராண்டில் செலுத்திய மின்கட்டண விவரத்தைச் சபையில் வைக்கவும், ஊராட்சி அலுவலகம், பள்ளி, அங்கன்வாடிக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைப்பதற்கான மதிப்பீட்டை அடுத்த சபைக்குள் தயாரிக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது." கட்டண விவரம் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். மாநகராட்சிக்குள் 100 வார்டு. உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் இதையே மாநகராட்சிப் பள்ளிக்குக் கேளுங்கள்.

ஊராட்சி அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல இரண்டு செய்திகள் உண்டு. பிஎம் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்குச் சோலார் ஏறும்போது உள்ளாட்சிக்கும் ஒரு வீட்டுக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம் தேர்வு செய்து 1 கோடி ரூபாய் தருவதும் அதே திட்டத்தில் இருக்கிறது. பொதுவாக 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்கள் போட்டியிடலாம். "நம்ம பஞ்சாயத்தால இதெல்லாம் ஆகுமா" என்று கேட்டால், மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சியைச் சொல்லுங்கள். 2006இலேயே கடன் வாங்கிச் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்ற ஊராட்சி அது.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போனால் விவசாயிகள் பம்புசெட் பற்றித்தான் கேட்பார்கள். இலவச மின் இணைப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு, வேளாண் பொறியியல் துறை வழியாக மானியத்தில் சோலார் பம்பு கிடைக்கிறது. அது வேறு விண்ணப்பம், வேறு அலுவலகம். குழப்பிக்கொள்ளாமல் அந்தத் துறைக்கே வழிகாட்டிவிடுங்கள். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று மட்டும் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பம்பின் குதிரைத்திறனை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இப்போது தொடங்க நினைத்தால், உங்கள் வீட்டுப் பில்கள் ஆறையும் இன்று இரவே எடுத்து வைத்து, ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, சாக்பீஸோடு உங்கள் மாடியிலேயே முதல் கோட்டைப் போடுங்கள்.